துக்க வீட்டில் சொல்லாத சொல்

இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் இருப்பவர்களும் உள்ளே வந்துவிடுங்கள், சாரல் அடிக்கும். ஒரு கதை சொல்கிறேன். தோட்டத்து ஆயா ஒருத்தி, இன்னொருத்தியை வீட்டைவிட்டு வெளியே கூப்பிடுவதற்காக இத்தாலிக்காரர்கள் பேச்சைக் கற்றுக்கொண்ட கதை. கேட்க வேடிக்கையாக இருக்கும். அந்தத் தோட்டத்திலும் சிலர் சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் இது துக்கத்தின் கதை. பாதியில் எழுந்து போகாமல் கேட்டால் உங்களுக்குப் புண்ணியம்.

ரப்பர் விலை தரையில் விழுந்து கிடந்த காலம் அது. மலாயாவில், லாபிஸ் ரயில் நிலையத்திலிருந்து மாட்டு வண்டி பிடித்துப் போகிற தூரத்தில் ஒரு தோட்டம். மேட்டில் துரையின் பங்களா, பள்ளத்தில் நம் ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகள், லயங்கள். துரை ஸ்காட்லாந்துக்காரர். அவர் மனைவி லூச்சியா இத்தாலிக்காரி. உலகமே மோதிய பெரிய சண்டையில் துரை சிப்பாயாக இத்தாலிக்குப் போனவர். அங்கே பார்த்துப் பழகிக் கட்டிக்கொண்டு வந்த பெண். லயத்தில் எல்லாருக்கும் அவள் ‘தொரசாணி’தான்.

துரையோடு அவள் இங்கிலீஷ் பேசுவாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்த ஆயா செல்லத்தோடு சந்தை மலாய் பேசுவாள். மூன்று வயது மகன் நீனோவோடு மட்டும் தன் சொந்தப் பேச்சு. அந்தப் பேச்சு அவள் வாயிலிருந்து வரும்போது குழாயைத் திறந்துவிட்டது போல இருக்கும் என்று செல்லம் சொல்வாள். புருஷனை இழந்து, பிள்ளையும் இல்லாத செல்லம், நீனோவைத் தன் இடுப்பிலேயே வளர்த்தாள்.

அடைமழை மாதத்தில் காய்ச்சல் வந்தது. பிள்ளை போய்விட்டது. பங்களாவுக்குப் பின்னால், பழைய மரங்கள் நின்ற மேட்டில் புதைத்துச் சிலுவை நட்டார்கள்.

அன்று சாயங்காலம் லயத்துப் பெண்கள் துக்கம் கேட்கப் போனார்கள். முன்னால் நடந்தவள் கிருஷ்ணம்மா. நல்லதென்றாலும் கெட்டதென்றாலும் முறை தவறாமல் செய்விக்கிறவள் அவள்தான். பங்களாக் கூடத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக எழுந்து, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதானே. துக்க வீட்டில் ‘வாங்க’ என்று யாரும் கூப்பிடுவதில்லை. ‘போயிட்டு வரேன்’ என்று யாரும் சொல்லிக்கொள்வதுமில்லை. சொன்னால் அந்தத் துக்கம் திரும்ப வந்துவிடும். ஒரு குறையும் வைக்காமல் முறையாகச் செய்தார்கள்.

மாடிப்படியில் நின்று லூச்சியா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளையின் அறைக்குள் போனாள். அதோடு வெளியே வரவில்லை.

கொண்டுபோகும் சோறு அப்படியே திரும்பியது. கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, காலிக் கட்டிலோடு தன் பேச்சில் பேசுவாள். துரை இங்கிலீஷில் கூப்பிட்டால் பதில் இல்லை. செல்லம் மலாயில் கூப்பிட்டாலும் பதில் இல்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

பங்களாச் சமையல்காரர் பெர்னார்ட், தூத்துக்குடியில் பிறந்து, இத்தாலிக்காரன் கப்பலில் உருளைக்கிழங்கு உரித்து, சிங்கப்பூரில் இறங்கி, ஒருவழியாக இந்தக் குசினிக்கு வந்து சேர்ந்தவர். முன்பெல்லாம் லூச்சியா தினமும் குசினிக்கு இறங்கி வந்து, மாவைப் பிசைந்து நாடா நாடாக வெட்டி, அவரோடு உப்பு, வெங்காயம் என்று தன் பேச்சில் பேசிவிட்டுப் போவாள். இப்போது குசினிப் பக்கம் அவள் நிழல்கூட விழவில்லை.

ஒரு காலையில் அவர் வெங்காயத்தை வைத்துக்கொண்டு உரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“என்னண்ணே, மொகம் இப்படி இருக்கு?” என்றாள் செல்லம்.

“டாக்டருக்கு டீ கொண்டு போனப்ப காதுல விழுந்துச்சு. வர்ற சனிக்கிழம அவரு மறுபடி வர்றாரு. அதுக்குள்ள தொரசாணி தன் கால்ல நடந்து அந்த ரூம்பவிட்டு வெளிய வரணும். இல்லாட்டி சிங்கப்பூருக்கு ஏத்திடுவாங்க. புத்தி கலங்குனவங்கள வெச்சிருக்கிற ஆஸ்பத்திரிக்கு.”

“அங்க போனவங்க திரும்பி வருவாங்களாண்ணே?”

“எங்க கப்பல்ல ஒருத்தன அனுப்புனாங்க. அவன் தொப்பி மட்டும் திரும்பி வந்துச்சு.”

செல்லம் கீழே உட்கார்ந்தாள். அவள் கையும் ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டது.

“நானும் தெனம் வாசல்ல போய் நிக்கிறேன். சாப்புடுங்கன்னு சொல்றேன், குளிங்கன்னு சொல்றேன். ‘வெளிய வாங்க’ன்னு மட்டும் நாக்கு எழும்ப மாட்டேங்குதுண்ணே. எழவு வீட்ல எப்படிச் சொல்றது?”

“எனக்கும் அப்படித்தான். ஞானஸ்நானம் வாங்கிட்டா மட்டும் இதெல்லாம் போயிடுமா?”

கொஞ்ச நேரம் இருவரும் வெங்காயம் உரித்தார்கள். பிறகு செல்லம் சொன்னாள்: “அந்தம்மா இப்ப அவங்க பாஷைக்குள்ளதாண்ணே குடியிருக்காங்க. நாம வேற வீட்டு வாசல்ல நின்னு தட்டிக்கிட்டிருக்கோம். எனக்கு அந்தப் பாஷையில நாலு வார்த்த சொல்லிக்குடுங்க. அந்தப் பாஷையில கூப்பிட்டா நமக்குக் குத்தமும் இல்ல.”

பெர்னார்ட் தலையைச் சொறிந்தார்.

“எனக்குத் தெரிஞ்சது ரெண்டே பேச்சு, தங்கச்சி. ஒண்ணு சமையல் பேச்சு. இன்னொண்ணு, கப்பல் கரைக்கு வந்தா பயலுங்க பொண்ணுங்கள வெளிய கூப்பிடுற பேச்சு. துக்கம் கேக்குற பேச்ச எவனும் எனக்குச் சொல்லிக்குடுக்கல.”

“ரெண்டாவதையே குடுங்க. நானும் ஒரு பொம்பளையத்தானே வெளிய கூப்பிடப் போறேன்.”

“அது சரிதான்.”

“நீங்களே போய் ஒரு வார்த்த சொன்னா என்ன?”

“நான் மாடியேறிப் போய் அதச் சொன்னா, தொர என்னைத் துப்பாக்கியாலதான் கூப்பிடுவாரு.”

அப்படித்தான் படிப்பு தொடங்கியது. குசினியில் அம்மியும் உரலும்தான் சாட்சி.

‘ஏ லீபெரா ஸ்தசேரா?’ இன்றைக்குச் சாயங்காலம் சும்மாதானே இருக்கிறீர்கள்? ‘ஊன் கஃபே இன்சியேமே?’ சேர்ந்து ஒரு காப்பி குடிப்போமா? ‘ஃபச்சாமோ தூவே பஸ்ஸி?’ இதற்கு, இரண்டு அடி எடுத்து வைப்போமா என்று பொருள். “நாம ‘ஒரு எட்டு போயிட்டு வருவோமா’ங்கறோமில்ல, அதேதான்,” என்றார் பெர்னார்ட். கடைசியாக ‘லஸ்பெத்தோ ஃபுவோரி’. வெளியே உங்களுக்காகக் காத்திருக்கிறேன்.

“இந்தக் கடைசிய சொல்லிட்டு அங்கயே நிக்கக் கூடாது,” என்றார். “சொன்ன மாதிரி வெளிய போய் நிக்கணும். வர்றவங்க வரட்டும்னு விட்டுடணும். அதான் மரியாத.”

செல்லம் மாவு இடித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தாள். துணி காயப்போடும்போது சொல்லிப் பார்த்தாள். தண்ணீர்க் குழாயடியில் லயத்து அங்கம்மா அவளை விடவில்லை.

“என்ன செல்லம், குசினிப் பக்கம் ரெண்டு பேரு பாடுற மாதிரி கேக்குதாமே?”

“பாட்டில்லக்கா, பாஷை. தொரசாணியோட பாஷை.”

“எந்தப் பாஷையா இருந்தா என்ன, கெழவன் நெனப்பு ஒண்ணுதானே.”

குழாயடியே சிரித்தது. செல்லமும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கியவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. யாரும் பார்க்காதபடி தலையைத் திருப்பிக்கொண்டாள். சனிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் பகலில் அறை வாசலில் போய் நின்றாள். கால்களை ஒழுங்காகச் சேர்த்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சொன்னாள்.

“ஃபச்சாமோ தூவே பஸ்ஸி?”

லூச்சியாவின் தலை நிமிர்ந்தது. செல்லத்தைப் பார்த்தாள். வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத சத்தம். பிறகு, எத்தனையோ நாளுக்கப்புறம், மலாயில் பேசினாள்.

அவள் ஊரில், அவள் வீட்டு ஜன்னலுக்குக் கீழே, ஒரு சிப்பாய் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இதையேதான் சொன்னானாம். இதே மாதிரித் தப்பும் தவறுமாக. அவளைக் கூப்பிடுவதற்காகவே தெரிந்தவர்களையெல்லாம் பிடித்துக் கற்றுக்கொண்டு வந்தானாம். கல்யாணம் ஆகிக் கப்பல் ஏறியதும், இனி இது எதற்கு என்று விட்டுவிட்டான். இந்த நாட்டில் அவளோடு அவள் பேச்சைப் பேச ஒரு பிள்ளை பிறந்தது. அதுவும் போய்விட்டது.

பெர்னார்ட் கடைசியாகச் சொல்லிக்கொடுத்ததைத் தவிர தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செல்லம் சொல்லிப் பார்த்தாள். காப்பியும் சொன்னாள், சாயங்காலமும் சொன்னாள். லூச்சியா தலையசைத்தாள்.

“டியா ஓராங் மாரா சாமா சாயா,” என்றாள். அவர்களெல்லாம் என்மேல் கோபமாக இருக்கிறார்கள்.

“யாரும்மா?”

அன்றைக்கு வந்த பெண்கள்தான், என்றாள் லூச்சியா. வந்தார்கள், உட்கார்ந்தார்கள். ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருத்தியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகும்போது சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். பெற்ற பிள்ளையைக் காப்பாற்றத் தெரியாதவள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் எப்படி அவர்கள் கண்ணெதிரே நடப்பேன்?

அழுத கண்ணோடு வந்து, நெஞ்சடைத்துத் திரும்பிப் போன பெண்கள் அவர்கள். அவர்கள் காட்டிய மரியாதையே இவளைக் கட்டிலோடு கட்டிப்போட்டிருக்கிறது.

“அடாட், மேம், அடாட்,” என்றாள் செல்லம். வழக்கம், எங்கள் வழக்கம். லூச்சியா லேசாகச் சிரித்தாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு முகத்தைக் கட்டில் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

செல்லம் நேரே லயத்துக்கு ஓடினாள். கிருஷ்ணம்மா அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் மருமகள் புஷ்பவள்ளி நிறைமாதமாகப் படுத்திருந்தாள்.

“நாம முறையாத்தானடி செஞ்சோம்?” என்றாள் கிருஷ்ணம்மா, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

“முறையாத்தான் செஞ்சோங்க்கா. அது அவங்களுக்குத் தெரியல. நீங்க எல்லாரும் இன்னொரு வாட்டி வந்து, மொகத்தப் பாத்து, ‘வாங்க’ன்னு ஒரு வார்த்த கூப்பிட்டா எந்திரிச்சு வந்துடுவாங்க.”

“அந்த வீட்ல கருமாதி ஆச்சா?”

“அவங்களுக்கு அதெல்லாம் கெடையாதேக்கா.”

“அப்ப துக்கம் அந்த வீட்ட விட்டு இன்னும் எறங்கல. எறங்காத வீட்ல போயி வாங்கன்னு சொன்னா எது வரும்னு உனக்குத் தெரியாதா?” அவள் கண் உள்ளறைப் பக்கம் போயிற்று. “என் வீட்ல ஒரு உசிரு எப்ப வருமோன்னு இருக்கு. நான் வாய விட்டு எமனக் கூப்பிடவா?”

“அவங்க பாஷையில சொல்லலாங்க்கா. நான் கத்துக்கிட்டிருக்கேன்.”

“எமனுக்கு எந்தப் பாஷையடி தெரியாது? வெள்ளக்காரன் சாகறதில்லையா?”

கிருஷ்ணம்மாவின் பயம் பொய்யில்லை. அவள் முதல் பேரன் பிறந்த அன்றே போனவன். அதை வைத்துக்கொண்டு அவளை எப்படிக் கடிந்துகொள்வது? செல்லம் எழுந்து, தலையைக் குனிந்தபடி மேட்டுக்கு ஏறினாள்.

சனிக்கிழமை விடிந்தது. துரை கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கட்டிய பெட்டி ஒன்று வாசலருகே இருந்தது. அதன்மேல் சாய்த்து வைத்த ஒரு கறுப்புக் குடை.

செல்லம் மாடியேறினாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள். சாயங்காலம், காப்பி, இரண்டு அடி. லூச்சியா அசையவில்லை. கீழே பெட்டி கட்டியிருப்பது அவளுக்கும் தெரியும் என்று செல்லத்துக்குப் பட்டது. எங்கே கொண்டுபோனால் என்ன என்பது போல உட்கார்ந்திருந்தாள்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

“லஸ்பெத்தோ ஃபுவோரி,” என்றாள் செல்லம். பெர்னார்ட் சொன்னபடியே அங்கே நிற்காமல் இறங்கினாள். துரையைக் கடந்து, படியைக் கடந்து, பங்களா கேட்டுக்கு நடந்தாள். தனியாக நின்று காத்திருக்கத்தான் போனாள்.

கேட்டுக்கு வெளியே, செம்மண் ரோட்டில், லயத்துப் பெண்கள் நின்றார்கள். ரப்பர் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு நேரே வந்திருக்கிறார்கள். தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. வாளிகள் ரோட்டோரம் கிடந்தன. முன்னால் கிருஷ்ணம்மா.

“கேட்டுக்கு உள்ளதான் எழவு வீடு,” என்றாள் அவள், செல்லம் வாய் திறப்பதற்குள். “இது ரோடு. ரோட்டுல நின்னு காத்திருந்தா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. ராத்திரியெல்லாம் யோசிச்சேன்.”

“புஷ்பவள்ளி?”

“உள்ள விட்டுக் கதவச் சாத்திட்டு வந்திருக்கேன். சீக்கிரம் சொல்லு, என்ன வார்த்த அது?”

செல்லம் சொன்னாள். பெண்கள் திருப்பிச் சொன்னார்கள். அங்கம்மா வாயில் அது ‘லசுபத்தோ’ ஆயிற்று. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கிருஷ்ணம்மா மட்டும் வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் தலையை நிமிர்த்தி, அந்த மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். துக்கம் கேட்கப் போன இடத்தில் பார்க்காத முகத்தை இப்போது தேடினாள்.

ஜன்னலில் லூச்சியாவின் முகம் தெரிந்தது.

சத்தம் கேட்டுத் துரை வராந்தாவுக்கு வந்தார். கூட்டம் எதற்கு என்று அதட்டத்தான் வந்திருப்பார். அந்தச் சொற்கள் காதில் விழுந்ததும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உள்ளே படியில் வெறுங்கால் சத்தம். லூச்சியா இறங்கி வந்தாள். அவிழ்ந்த கூந்தல், நாள்பட்ட கவுன். துரை திரும்பிப் பார்த்தார். கையை நீட்டினார். நாக்கில் எங்கோ கிடந்ததைத் தேடி எடுத்துச் சொன்னார்.

“ஃபச்சாமோ… தூவே பஸ்ஸி?”

அவள் நின்றாள். அவர் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு, அந்தக் கையைப் பிடிக்காமல், அவரைக் கடந்து போனாள்.

டாக்டரின் மோட்டார் கேட்டுக்கு வந்தபோது பெண்கள் வழியில் நின்றார்கள். ஒருத்தியும் நகரவில்லை. லூச்சியா கேட்டைத் தாண்டி ரோட்டில் கால் வைத்தாள். கிருஷ்ணம்மா, பால் பிசுக்கு ஒட்டிய கையால், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே எல்லாருமாகப் பழைய மரங்கள் நின்ற மேட்டுக்கு நடந்தார்கள். சிலுவைக்குப் பக்கத்தில் லூச்சியா உட்கார்ந்ததும், கிருஷ்ணம்மா மண்ணில் அமர்ந்து, நீனோவின் பெயரைச் சொல்லி ஒப்பாரி எடுத்தாள். வீட்டுக்குள் முந்தானையால் பொத்திய வாய்களெல்லாம் அங்கே திறந்தன. லூச்சியாவும் அழுதாள். தன் பேச்சில், குழாய் திறந்தது போல.

மோட்டாரில் இருந்தபடி டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூர் ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார். ஆனால் இங்கேயும் வேண்டாம், தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்றார்.

லாபிஸ் நிலையத்தில் ரயில் வந்து நின்ற அன்று பெண்கள் வழியனுப்ப வந்திருந்தார்கள். லூச்சியா செல்லத்தின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். கிளம்பும்போது உங்கள் பேச்சில் என்ன சொல்லவேண்டும் என்று கேட்டாள். செல்லம் சொல்லிக்கொடுத்தாள். ரயில் நிலையம் துக்க வீடு இல்லை.

“போயித்து வரேன்,” என்றாள் லூச்சியா, ஜன்னலில் சாய்ந்து.

“போயிட்டு வாங்க,” என்றாள் கிருஷ்ணம்மா. இத்தனை நாள் நெஞ்சில் அடக்கிவைத்த சொல் அல்லவா? எல்லாப் பெண்களும் சொன்னார்கள். ரயில் வளைவில் மறையும்வரை வாங்க, வாங்க என்று சொல்லிக்கொண்டே நின்றார்கள்.

அவள் வரவில்லை, கண்ணுகளா. புஷ்பவள்ளிக்குப் பெண் குழந்தை பிறந்தது, நல்லபடியாக. அதன் முதல் பிறந்தநாள் வரைக்கும் கிருஷ்ணம்மா பயந்துகொண்டேதான் இருந்தாள். பிள்ளை இல்லாத பங்களாவில் ஆயாவுக்கு வேலை ஏது? செல்லம் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனாள். துரை சாயங்காலங்களில் குசினிக்கு இறங்கி வந்து, பெர்னார்டிடம் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கற்றுக்கொண்டார். அடுத்த வருஷம் கப்பலேறிவிட்டார். போய் அந்த ஜன்னலுக்குக் கீழே நின்றாரா, நின்றாலும் அவள் இறங்கி வந்தாளா, யாருக்கும் தெரியாது.

மேட்டில் புல் மண்டாமல் பார்த்துக்கொண்டவள் செல்லம். வேலை முடிந்து போய்க் களையைப் பிடுங்கிவிட்டு எழுந்திருப்பாள். அந்த இடத்தில் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் வரவும் அவளுக்கு மனம் வராது. அதனால், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாக, “லஸ்பெத்தோ ஃபுவோரி,” என்பாள். வெளியே காத்திருக்கிறேன்.

மழை விட்டுவிட்டது, எழுந்திருங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் காய்ச்சல் கண்டாலும் விடியும்முன் வியர்த்து எழுந்து கஞ்சி கேட்கட்டும். வாயடைத்துப் போகும் நாள் உங்கள் வீட்டுக்கு வரவேண்டாம். வந்தாலும், கேட்டுக்கு வெளியே உங்களுக்காகக் காத்து நிற்க நாலு பேர் இருக்கட்டும். உங்கள் வாசலில் ‘வாங்க’ என்ற சொல் என்றைக்கும் ஓயாதிருக்கட்டும். போயிட்டு வாங்க, என் கண்ணுகளா.